கணக்கு ஒத்துப்போகாத மில்: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழி

மில்லில் பத்து மூட்டை நூல் கணக்கில் குறைந்தால் முதல் சந்தேகம் குடோன்காரர்மேல் விழும். அடுத்தது நைட் ஷிப்ட் சூப்பர்வைசர்மேல். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவார்கள். அங்கேயும் அந்தந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் போனில் "எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். மெஷின் மானிட்டரிங்கைத் தனியாகப் பார்த்தால் சரி, எடைமேடை சரி, டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் சரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் கைமாறுகிற இடத்தில்தான் பிழை இருக்கும். அந்த இடம் யாருடைய பொறுப்பிலும் இருக்காது. ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் என்று வைத்துக்கொள்வோம். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம்களில் மானிட்டரிங், நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர், பேக்கிங்கில் எலக்ட்ரானிக் தராசு, கேட்டில் எடைமேடை, ஆபீஸில் மொத்த மில் கணக்கையும் வைக்கும் ஈஆர்பி சாஃப்ட்வேர், ஆடிட்டருக்காக டேலி, வருகைப் பதிவு மெஷின், ராதாபுரத்தில் சொந்தக் காற்றாலை. கங்கைகொண்டான் சிப்காட்டில் வேறு பொருள் செய்கிறவர்களும் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு இதே வரிசையில் தேடலாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு தாள்

பெரிய சார்ட் பேப்பர் ஒன்று போதும். மில்லில் தகவல் சேருகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். மெஷின், சென்சார் எல்லாம் கீழே. அவற்றை ஓட்டும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவி அதற்கு மேலே. கண்காணிக்கும் கம்ப்யூட்டர் அடுத்து. உற்பத்தித் திட்டமும் தரமும் அதற்கு மேல். ஈஆர்பியும் டேலியும் உச்சியில். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவாகி, பிறகு ஐஎஸ்ஏ-95 என்ற தரநிலைக்கு அடிப்படையான அடுக்கு முறை இதுதான். பெயர் பெரிதாக இருந்தாலும், எந்த மாடியில் பிழை என்று பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கட்டம் போட்டதும் தகவல் போகிற திசையில் அம்புக்குறி. ஒவ்வொரு அம்பின்மேலும் நான்கு விஷயம் எழுத வேண்டும்: என்ன போகிறது, எப்படிப் போகிறது, எப்போது போகிறது, நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது. "எப்படி" என்பதில் நேர்மை வேண்டும். பென் டிரைவில் போகிறது என்றால் பென் டிரைவ் என்றே எழுதுங்கள். சூப்பர்வைசர் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார், ஆபீஸில் ஒருவர் அதைப் பார்த்து எக்செல்லில் அடிக்கிறார் என்றால் வாட்ஸ்அப் ஒரு கட்டம், எக்செல் ஒரு கட்டம். சூப்பர்வைசரின் நீள நோட்டும் ஒரு கட்டம்தான். நான்காவது விஷயம் காலியாக இருக்கிற அம்புகளைச் சிவப்பு மையில் சுழித்து வையுங்கள். கீழே வருகிற பிழைகளில் பெரும்பாலானவை அந்தச் சுழிகளுக்குள்தான் இருக்கும்.

"உற்பத்தி ஒன்று காட்டுகிறது, குடோன் வேறு காட்டுகிறது"

இதில்தான் ஆட்கள்மேல் பழி விழுகிறது. அதனால் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒருநாள் வித்தியாசத்தை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு நாள்வாரியாக இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒருநாள் கூடவும் மறுநாள் குறையவும் இருந்து, வாரக் கூட்டல் ஏறக்குறைய ஒத்துப்போனால் நூல் எங்கும் போகவில்லை. நாள் எங்கே முடிகிறது என்பதில்தான் தகராறு. காலை 6 மணிக்கு ஷிப்ட் மாறுகிற மில்லில் ஈஆர்பி நைட் ஷிப்ட் முழுவதையும் முதல் நாள் கணக்கில் வைக்கும். மானிட்டரிங் கம்ப்யூட்டர் நள்ளிரவு 12 மணிக்கே தேதியை மாற்றிவிடும். இடையிலுள்ள 6 மணி நேர உற்பத்தி ஒன்றில் நேற்று, இன்னொன்றில் இன்று. வெளிநாட்டு மெஷின்களில் இன்னொரு சங்கடம்: உள்ளே கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரத்துக்கு அது 5.30 மணி பின்னால். அப்படியானால் மெஷினுக்கு நாள் தொடங்குவது நமக்குக் காலை 5.30. நைட் ஷிப்டின் கடைசி அரை மணி நேரம் தினமும் மறுநாளுக்கு ஓடிவிடும். வித்தியாசம் சின்னதாக, நாள் தவறாமல், எப்போதும் நைட் ஷிப்டிலேயே வரும். அந்த ஷிப்ட்காரர்மேல் சந்தேகம் வர இதைவிட வேறென்ன வேண்டும்? எல்லா மெஷின் கடிகாரங்களையும் மில்லுக்குள் ஒரே நேர சர்வரிலிருந்து எடுக்க வையுங்கள். "உற்பத்தி நாள்" எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதை எம்.டி. கையெழுத்தோடு ஒரு வரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரக் கூட்டலும் ஒத்துப்போகவில்லை என்றால், எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். ரிங் ஃப்ரேம் நூலை எடை போடுவதில்லை. எத்தனை நீளம் ஓடியது என்று எண்ணி, கவுண்டை வைத்து எடையைக் கணக்கிடுகிறது. ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜம் கொண்ட கழிகள் எத்தனை என்பதே கவுண்ட். ஆக, கவுண்ட் ஏறினால் அதே நீளத்துக்கு எடை குறையும். 40 ஓடிய ஃப்ரேமில் 60 மாற்றிவிட்டு, மானிட்டரில் 40 என்றே விட்டுவிட்டால் உண்மையில் 400 கிலோ வந்த ஷிப்டுக்கு 600 கிலோ காட்டும். பேக்கிங் தராசு 400தான் சொல்லும். 200 கிலோ எங்கே என்று கேட்டால் யார் பதில் சொல்வது? இதைப் பிடிக்க ஒரு வகுத்தல் போதும். மெஷின் சொன்ன எடையைத் தராசு சொன்ன எடையால் வகுத்துப் பாருங்கள். வருகிற விடை, மில்லில் ஓடுகிற ஏதோ இரண்டு கவுண்ட்களின் விகிதமாக இருந்தால் (60-க்கு 40 என்றால் 1.5) பிழை அங்கேதான். ஃப்ரேம் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் எந்த ஃப்ரேம் என்றும் தெரிந்துவிடும். கவுண்ட் மாற்றும் உத்தரவு ஈஆர்பியிலிருந்து மானிட்டருக்குத் தானாகப் போவதுதான் நிரந்தரத் தீர்வு. அதுவரை, கவுண்ட் மாற்றச் சீட்டில் "மானிட்டரில் மாற்றியாயிற்று" என்று ஒரு கையெழுத்துக் கட்டம் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஈரப்பதம். பருத்திக்கு வணிகத்தில் ஏற்றுக்கொண்ட ஈரப்பத அளவு 8.5 சதவீதம். கோனில் சுற்றும் வைண்டிங்கிலிருந்து வருகிற நூல் அதைவிட உலர்ந்திருக்கும். ஆவியில் வைத்து எடுத்தால் ஒன்றிரண்டு சதவீதம் எடை ஏறும். கண்டிஷனிங் என்கிற இந்த வேலைக்கு முன்னால் எடுத்த எடையையும் பின்னால் எடுத்த எடையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் கணக்கு என்றைக்கும் ஒத்துப்போகாது. எந்த இடத்து எடை கணக்குக்குரியது என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். மற்றது தகவலுக்கு மட்டும். காலிக் கோனின் எடையையும் ஒருமுறை சரிபாருங்கள். வேறு இடத்திலிருந்து கோன் வாங்கத் தொடங்கிய மாதத்திலிருந்து வித்தியாசம் வந்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

"ரேக்கில் இருக்கிறது, சிஸ்டத்தில் இல்லை"

ஆபீஸுக்கும் குடோனுக்கும் நடுவில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது:

"அண்ணாச்சி, சிஸ்டத்துல 40 கோம்ப்டு 12 மூட்டைதான் இருக்கு. நீங்க 30-ங்கிறீங்க?"

"தம்பி, நீ வார்ப் தனி, ஹோசியரி தனின்னு பாக்க. எங்களுக்கு ரெண்டும் 40 கோம்ப்டுதான். வந்து எண்ணிப் பாரு."

இரண்டு பேர் சொல்வதும் சரி. வார்ப் என்பது நெசவுப் பாவுக்குப் போகிற நூல், ஹோசியரி என்பது பின்னலாடைக்குப் போகிற நூல். ஒரே பொருளுக்கு விற்பனையில் ஒரு பெயர், குடோனில் ஒரு பெயர், டேலியில் மூன்றாவது பெயர். யாரோ அவசரத்துக்கு "40 சிடபிள்யூ புதுசு" (சிடபிள்யூ என்றால் கோம்ப்டு வார்ப்) என்று நான்காவதாக ஒன்றைத் திறந்திருப்பார்கள். ஈஆர்பியில் பொருள் பட்டியலை அகர வரிசையில் எடுத்து, கடைசி ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட நகராத பெயர்களையும், கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். குடோன்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. ஆபீஸில் ஏசி அறையில் செய்தால் பாதி தப்பாகிவிடும்.

இரட்டைப் பெயரைக் கண்டால் அழிக்காதீர்கள். பழைய பில்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இருப்பை ஒன்றுக்கு மாற்றிவிட்டு, மற்றதை இனி யாரும் தேர்வு செய்ய முடியாதபடி பூட்டி வைத்தால் போதும். புதுக் குறியீடு போடும்போது அதற்குள் கவுண்ட், பார்ட்டி பெயர் எதையும் நுழைக்காமல் வெறும் வரிசை எண்ணாக வையுங்கள். பார்ட்டி மாறும், ரகம் மாறும், குறியீடு மாறக் கூடாது. புதுப் பொருள் திறக்கிற அதிகாரம் ஒரே ஒரு ஆளிடம் இருக்கட்டும். அவர் கணக்குப் பிரிவா, உற்பத்தியா என்பது பெரிய விஷயமில்லை.

"மழை வந்தால் மெஷின் தகவல் நின்றுபோகிறது"

நம் பக்கம் சித்திரை வைகாசிக் கோடை இடியும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும் இந்தப் பிழையை வருடா வருடம் கொண்டுவரும். எத்தனை மெஷின் நின்றது என்பதைவிட எந்த வரிசையில் நின்றது என்று பாருங்கள்.

ஒரு மெஷின் மட்டும் என்றால் தகவல் அனுப்புகிற அதன் கார்டு அல்லது கனெக்டர். ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் ஈரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும், பஞ்சுத் தூசியும் சேரும். நெட்வொர்க் பிளக்கின் உலோகப் பற்கள் பச்சை பிடித்திருக்கும். ஃபேன் வைத்த நெட்வொர்க் ஸ்விட்ச் என்றால் உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி அடைத்திருக்கும். மெஷின் ஹாலுக்கு ஃபேன் இல்லாத தொழிற்சாலை ரக ஸ்விட்சை மூடிய பெட்டிக்குள் வைப்பதுதான் வழி.

ஒரு மெஷினுக்குப் பிறகு உள்ளவை எல்லாம் நின்றிருந்தால் வயர் அந்த இடத்தில் அறுந்திருக்கிறது. மெஷின்களை ஒரே வரிசையாக இணைக்கும் ஆர்எஸ்-485 வயரிங் என்றால் மல்டிமீட்டர் ஒன்றே கதையைச் சொல்லிவிடும். எல்லா மெஷின் பவரையும் நிறுத்திவிட்டு இரண்டு டேட்டா வயர்களுக்கு நடுவில் ஓம் அளவு எடுங்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் சரியாக இருந்தால் ஏறக்குறைய 60 காட்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷார்ட். 60-ஐ விட நன்றாகக் குறைந்து 40 என்று வந்தால் யாரோ நடுவில் ஒரு மெஷினிலும் ரெசிஸ்டர் ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். வயர் நீளம் 1200 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரே வரிசையில் 32 கருவிக்கு மேல் தொங்கவிட்டிருந்தால் சிக்னலை வலுப்படுத்தும் ரிப்பீட்டர் வேண்டும்.

இரண்டு மெஷின் மட்டும் மாறி மாறித் தோன்றி மறைந்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி எண் கொடுத்திருக்கிறார்கள். கார்டு மாற்றிய மறுநாளே இது வரும்.

இடி விழுந்த அன்றைக்குக் கட்டடத்துக்குக் கட்டடம் போகிற வரிசை மொத்தமும் செத்துப்போனால், வெளியே ஓடுவது செம்பு வயர் என்று அர்த்தம். புதுக் கார்டு வாங்கிப் போட்டு அதே செம்பிலேயே மாட்டினால் அடுத்த இடிக்கு அதுவும் போகும். கட்டடங்களுக்கு நடுவில் ஃபைபர் இழுங்கள். மின்னல் அதில் ஏறி வராது. ஒருமுறை செய்கிற இந்தச் செலவுக்கு முதலாளியிடம் தைரியமாக வாதாடலாம்.

"வண்டி லோடு ஆகி நிற்கிறது, பில் வரவில்லை"

2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய கம்பெனிகளுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். பில் ஈஆர்பியில் பிறந்தாலும், அரசு போர்ட்டலுக்குப் போய் 64 எழுத்து எண்ணும் க்யூஆர் கோடும் வாங்கி வந்தால்தான் செல்லும். நெட் போனால் கேட்டில் வண்டி நிற்கும், டிரைவர் கிளீனர் எல்லாம் வெயிலில் நிற்பார்கள்.

திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே படியுங்கள். பின்கோடு பற்றிய செய்தி என்றால் பார்ட்டி விவரத்தில் பிழை, பொருள் குறியீடு பற்றியது என்றால் பொருள் பட்டியலில் பிழை. பருத்தி நூலின் 5205 மாதிரியான எண் பொருள் பட்டியலிலேயே சரியாக இருக்க வேண்டும், பில் போடுகிறவர் அடிக்கிற இடமே இருக்கக் கூடாது. "ஏற்கெனவே உள்ளது" என்று 2150 என்ற பிழை எண் வந்தால் பதற வேண்டாம். முதல் தடவை அனுப்பியபோது போர்ட்டல் அந்த 64 எழுத்து எண்ணைக் கொடுத்துவிட்டது, திரும்பி வரும்போது நெட் அறுந்துவிட்டது. புது பில் எண் போடாதீர்கள். போட்டால் ஒரே சரக்குக்கு இரண்டு பில் ஆகி மாதக் கடைசியில் ஆடிட்டர் கழுத்தைப் பிடிப்பார். பழைய பில் எண்ணைக் கொடுத்துப் போர்ட்டலிலிருந்து அந்த எண்ணைத் திரும்ப எடுக்கலாம். உங்கள் சாஃப்ட்வேரில் அந்த வசதி இல்லை என்றால் உடனே கேட்டு வாங்குங்கள். உண்மையிலேயே தப்பான பில் போயிருந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது.

அமைப்பிலேயே ஒரு திருத்தம் வேண்டும். இன்டர்நெட்டை நம்பியிருக்கிற வேலையை லோடு முடிந்த பிறகு வைக்கக் கூடாது. பேக்கிங் பட்டியல் உறுதியானதும் பில்லை எடுத்துவிட்டால் லோடு ஏறுகிற நேரம் கையில் மிச்சம் இருக்கும். செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளா போகிற சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கு வண்டிக்கான இ-வே பில் வேண்டும், தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சம். இந்த வரம்பை கேட் வாட்ச்மேன் நினைவில் வைத்திருக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. இ-வே பில் இல்லாமல் கேட் பாஸ் அச்சாகாதபடி ஈஆர்பியிலேயே கட்டிவிடுங்கள்.

"காற்றாலை யூனிட் ஈ.பி. கணக்கோடு ஒத்துவரவில்லை"

ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ராதாபுரம், பணகுடி பக்கம் வீசுகிற வீச்சில் மில்லின் கரண்ட் பில்லே மாறிவிடும். அதனால் இந்த வித்தியாசம் பெரிய பணம். காற்றாலையைக் கண்காணிக்கும் ஸ்காடா சாஃப்ட்வேர் காட்டுவது ஜெனரேட்டர் பக்கத்து யூனிட். ஈ.பி. மீட்டர் இருப்பது டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி உயரழுத்தப் பக்கம். நடுவில் ஒரு சிறிய சதவீதம் போகத்தான் செய்யும். மாதா மாதம் அது ஒரே அளவில் இருந்தால் விட்டுவிடலாம். திடீரென்று தாண்டினால் ஸ்காடாவில் தகவல் விட்டுப்போன மணி நேரங்களைத் தேடுங்கள். ஸ்காடா பொதுவாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும், மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். அரை மணிக்கு ஒன்றாகக் கூட்டி ஒப்பிடுங்கள். மீட்டர் ரீடிங் எடுத்த தேதியும் காலண்டர் மாதமும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

"ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ், ஆட்டோகோனரும் நின்றுவிட்டது"

இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதால் வந்தது. மெஷினோடு வந்த கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 7 ஓடும். அதற்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது. அதை மாற்றினால் மெஷின் சாஃப்ட்வேர் ஓடாது. அதனால் அதைத் தனியாக வைப்பது ஒன்றே வழி. உடனே செய்ய வேண்டியது: நெட்வொர்க் கேபிளை உருவுங்கள், கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், மெஷின் தன்பாட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஓடும். பிறகு மெஷின்களுக்குத் தனி நெட்வொர்க், நடுவில் ஃபயர்வால், கீழிருந்து மேலே ஈஆர்பிக்குத் தேவையான தகவல் மட்டும் போக ஒரு வழி. மெஷின் கம்பெனி இன்ஜினியர் தூரத்திலிருந்து பார்ப்பதற்காகப் போட்ட ரிமோட் சாஃப்ட்வேர் வருடம் முழுக்கத் திறந்தே கிடக்கும். கேட்கும்போது திறந்து, முடிந்ததும் மூடுங்கள்.

"அந்தப் பையன் லீவு, அதனால் ஒன்றும் ஓடவில்லை"

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு கம்ப்யூட்டர் பார்க்கிற ஈடிபி பையன் குடும்பத்தோடு போயிருப்பான். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பாஸ்வேர்டு அவன் தலையில் மட்டும் இருக்கிறது. அவனைக் குறை சொல்வது நியாயமில்லை. அவன் சாமி கும்பிடப் போகிற நாளில்கூட மில் அவன் தோளில் உட்கார்ந்திருப்பது நிர்வாகத்தின் பிழை. பாஸ்வேர்டுகளை மூடிய கவரில் போட்டு லாக்கரில் வையுங்கள். சர்வரை நிறுத்தித் தொடங்கும் முறையை, கம்ப்யூட்டர் தெரியாத ஒருவர் படித்துச் செய்யும்படி ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அவன் இருக்கும்போதே வேறொருவரை வைத்து அதைச் செய்து பாருங்கள்.

"பேக்கப் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை"

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை கடந்தபோது, தரைத்தளத்தில் சர்வரும் அதன் பக்கத்திலேயே பேக்கப் டிஸ்கும் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நனைந்தன. சர்வரையும் யூபிஎஸ் பேட்டரியையும் மாடிக்கு ஏற்றுங்கள். ஒரு பிரதி மில்லுக்கு வெளியே, ஆற்றங்கரைக்கு வெகு தூரத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் பேக்கப்பைத் திறந்து, போன மாத இருப்பு அறிக்கை வருகிறதா என்று பாருங்கள். ஈஆர்பியை மட்டும் எடுத்து வைத்தால் போதாது. பிஎல்சி புரோகிராம்களும் மெஷின் செட்டிங்குகளும் அதில் இருக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தும் வித்தியாசம் மிஞ்சினால்

ஒரே ஒரு லாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு பேல் உடைக்கிற இடத்திலிருந்து வண்டி ஏறுகிற இடம் வரைக்கும் பேனாவும் தாளுமாக ஒருவர் கூடவே நடக்கட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணால் பார்த்த எடையை எழுதி, அதே நேரத்தில் அந்தக் கட்டத்துத் திரை என்ன சொல்கிறது என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும். பிளோ ரூம், கார்டிங், கோம்பர் கழிவு எல்லாம் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். கோம்பர் கழிவை உத்தேசமாகப் போடுகிற மில்களில் இங்கேயே பாதி விடை கிடைத்துவிடும். தாளும் திரையும் முதன்முதலில் எந்த இடத்தில் பிரிகின்றனவோ, சார்ட் பேப்பரில் அதற்கு முந்தைய அம்பைப் பாருங்கள். அந்த லாட் முடிகிறவரைக்கும் யாருக்கும் மெமோ கொடுக்க வேண்டாம் என்று மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.